கத்தி வாங்கப் போறீங்களா... ஒரு நிமிஷம் பாஸ்!

பேச்சிலர் கிச்சன்

ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு டாட்டா காட்டிட்டு நாலு பேர் சேர்ந்து ரூம் எடுத்துட்டீங்களா? வாழ்த்துகள்! அட்வான்ஸ் கொடுத்தாச்சு. சிலிண்டர் வந்தாச்சு. குக்கரை யாரோ ஒருத்தர் வீட்டுல இருந்து சுட்டுட்டும் வந்தாச்சு. சரி, கத்தி?

'அதுக்கு என்ன பெரிய யோசனை... தெருமுனைக் கடையில அட்டையில குத்தித் தொங்குதே'ன்னு ஒண்ணை வாங்கிப் போட்டிருப்பீங்க. முதல் வாரம் சூப்பரா வெட்டும். ஒரு மாசம் கழிச்சு அதே கத்தியைத் தக்காளி மேல வெச்சா, தக்காளி வெட்டுப்படாது. நசுங்கும். அப்புறம் இன்னொண்ணு வாங்குவீங்க. அதுவும் மழுங்கும். செமஸ்டர் முடியறதுக்குள்ள ரூம்ல ஏழெட்டு கத்தி சேர்ந்திருக்கும். ஆனா, வெங்காயம் வெட்ட ஒண்ணுகூட உருப்படியா இருக்காது!

இந்த வாரம் நம்ம டாபிக், கையைக் கடிக்காத விலையில (கையை வெட்டாமலும்!) நல்ல சமையல் கத்தி வாங்கறது எப்படி? தினசரி சாம்பாருக்கும் சரி, சனிக்கிழமை மொட்டை மாடி பார்பிக்யூவுக்கும் சரி.

தீர்ப்பை முதல்லயே சொல்லிடறேன். ரூமுக்கு வேண்டியது நாலே ஐட்டம்தான். ஒரு பெரிய கத்தி, ஒரு சின்னக் கத்தி, ஒரு வெட்டுப் பலகை, ஒரு சாணைக்கல். கடைசி ஐட்டம் இல்லைன்னா முதல் ரெண்டும் வேஸ்ட். ஏன்னா, கூர்மையைக் கடையில வாங்க முடியாது மக்களே. கடையில கிடைக்கறது நல்ல இரும்பு மட்டும்தான். கூர்மை நாம போடற உழைப்பு.

'செட்' வலையில சிக்காதீங்க!

ஆன்லைன்ல தேடினா முதல்ல வந்து நிக்கறது ஆறு கத்தி, ஒரு கத்தரிக்கோல், ஒரு மர ஸ்டாண்டு, போனஸா ஒரு பீலர்னு ஒரு பளபளா செட். 'அட, இவ்வளவும் இந்த விலைக்கா!'ன்னு கை பரபரக்கும். கொஞ்சம் கணக்குப் போடுங்க. அதே காசை ஆறா பிரிச்சா ஒரு கத்திக்கு எவ்வளவு போயிருக்கும்? அந்தக் காசுல எந்த மாதிரி இரும்பு போட்டிருப்பாங்க?

அதைவிட முக்கியமான விஷயம், அந்த ஆறுல நீங்க தினமும் தொடப்போறது ரெண்டைத்தான். மீதி நாலும் ஸ்டாண்டுல நின்னு உங்களை வேடிக்கை பார்க்கும்.

அந்த ரெண்டு எதுன்னா...

பெரியது: 'ஷெஃப் நைஃப்'னு சொல்லுவாங்க. அடியில அகலமா, நுனியில கூரா, வெட்டற பக்கம் லேசா வளைஞ்சு இருக்கும். பிளேடு நீளம் 8 அங்குலம், அதாவது 20 செ.மீ. கை சின்னதா இருக்கா, இல்ல கிச்சன் மேடையே ஒரு முழம்தானா? 6 அங்குலம் போதும். வெங்காயம், முட்டைக்கோஸ், கொத்தமல்லி, எலும்பில்லாத சிக்கன், எல்லாத்தையும் இது பார்த்துக்கும்.

சின்னது: 3 முதல் 4 அங்குலம். பூண்டு உரிக்க, பச்சை மிளகாய் கீற, உருளைக்கிழங்குல கண்ணு எடுக்க, மீனைக் கீறி மசாலா தடவ.

தினமும் பிரெட் வாங்கற ரூம்னா ரம்பப் பல் வெச்ச நீளக் கத்தி ஒண்ணு சேர்த்துக்கலாம். இல்லைன்னா அதுவும் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. 'சாணையே பிடிக்க வேண்டாம்'னு அட்டையில போட்டிருக்கற பொடிப்பல் கத்திகளைக் கவனிங்க. 'பிடிக்க வேண்டாம்'னா 'வீட்டுல பிடிக்க முடியாது'ன்னு அர்த்தம். அந்தப் பொடிப் பல் வெட்டாது, ரம்பம் மாதிரி அறுக்கும். தக்காளிக்கு ஓகே. பல் தேய்ஞ்சதும் குப்பைத் தொட்டிதான்.

'செராமிக்' வெள்ளைக் கத்தியும் அப்படித்தான். ரொம்ப நாள் கூரா இருக்கும், உண்மை. ஆனா கீழ விழுந்தா உடையும், சாதாரண சாணைக்கல் அதுல ஏறாது. நம்ம ரூம்ல எது கீழ விழாம இருந்திருக்கு, நீங்களே சொல்லுங்க!

எஸ்.ஓ.எம். லேப் ஞாபகம் இருக்கா?

மெக்கானிக்கல், சிவில் மக்கள் இந்த இடத்துல காலரைத் தூக்கி விட்டுக்கலாம். ரெண்டாம் வருஷம் லேப்ல ராக்வெல் டெஸ்ட் பண்ணோமே... ஒரு கூர்முனையை இரும்புத் துண்டு மேல அழுத்தி, டயல்ல நம்பர் பார்த்து, ரெக்கார்டு நோட்ல எழுதி கையெழுத்து வாங்கினோமே... அந்த நம்பர்தான் கத்திக்கு ஜாதகம்! ராக்வெல் 'சி' ஸ்கேல், சுருக்கமா எச்.ஆர்.சி.

ஐரோப்பிய ஸ்டைல் சமையல் கத்திகள் பெரும்பாலும் 55-ல இருந்து 58-க்குள்ள இருக்கும். ஜப்பான் கத்திகள் பல 60-ஐத் தாண்டும். 'அப்போ 60 வாங்கிடலாமே'ன்னு அவசரப்படாதீங்க. இரும்பு கடினமாக ஆக, கூர்மை நிறைய நாள் நிக்கும். அதே நேரம் நொறுங்கற குணமும் கூடும். எலும்புல ஒரு தடவை பட்டா விளிம்புல பல் உடைஞ்சிடும், திருப்பிச் சாணை பிடிக்கறதும் கஷ்டம். 55-58 கத்தி சீக்கிரம் மழுங்கும், ஆனா அஞ்சு நிமிஷத்துல பழைய நிலைக்கு வந்துடும். நாலு பேர் கை மாறி மாறிப் படற ரூமுக்கு எது செட் ஆகும்? ரெண்டாவதுதான்!

அடுத்த கேள்வி, 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்'னு போட்டிருந்தா போதுமா? போதாது. குறைஞ்சது 10.5 சதவிகிதம் குரோமியம் இருந்தாலே அந்தப் பேர் வந்துடும். நம்ம வீட்டு டம்ளரும் ஸ்டெயின்லெஸ், கத்தியும் ஸ்டெயின்லெஸ். ஆனா ரெண்டும் ஒண்ணு இல்லை. டம்ளருக்குப் போடற 304 ரக ஸ்டீல்ல கார்பன் ரொம்பக் கம்மி. அதை நெருப்புல காய்ச்சித் தண்ணியில முக்கினாலும் கடினமாகாது. கத்திக்கு அரை சதவிகிதமாவது கார்பன் இருந்தா நல்லது. நிறைய ஜெர்மன் ரகக் கத்திகள்ல போடற '1.4116'ங்கற ஸ்டீல்ல சுமார் 0.5 சதவிகிதம் கார்பன், 15 சதவிகிதம் குரோமியம். இந்த நம்பர் பிளேடுலயோ அட்டையிலயோ இருந்தா தைரியமா யோசிக்கலாம். எந்த ஸ்டீல்னு ஒரு வார்த்தைகூடப் போடாம, வெறும் 'ஹை குவாலிட்டி'னு மட்டும் போட்டிருந்தா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க.

இதுல ஒரு கிசுகிசு. 1913-ல இங்கிலாந்து ஷெஃபீல்டு நகரத்துல துப்பாக்கிக் குழாய்க்காக ஆராய்ச்சி பண்ணும்போதுதான் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத ஸ்டீலைக் கண்டுபிடிச்சார். அதுல கத்தி செய்யலாமேன்னு அவர் சொன்னப்போ, ஊர்க்காரங்க 'வெட்டாத கத்தியைக் கண்டுபிடிச்ச புண்ணியவான்'னு கிண்டல் அடிச்சாங்களாம். அப்புறம்தான் அதைச் சரியா காய்ச்சற சூட்சுமம் புரிஞ்சது. அதாவது, என்ன இரும்புங்கறது பாதி. எப்படிக் காய்ச்சினாங்கங்கறது மீதி. ஹீட் ட்ரீட்மென்ட் யூனிட்டை சாய்ஸ்ல விட்டவங்க இப்போ ஃபீல் பண்ணலாம்!

கடையில போய் பண்ண வேண்டிய அஞ்சு டெஸ்ட்

முடிஞ்சா ஆன்லைனை விட்டுட்டு நேர்ல போங்க. சென்னைன்னா பாரிமுனை பக்கம், மத்த ஊர்னா பெரிய பாத்திரக் கடை. கையில பிடிச்சுப் பார்க்காம கத்தி வாங்கறது, போட்டுப் பார்க்காம செருப்பு வாங்கற மாதிரி.

1. காந்த டெஸ்ட்: பாக்கெட்ல ஒரு சின்னக் காந்தம் எடுத்துட்டுப் போங்க. பழைய ஸ்பீக்கர் காந்தம் போதும். பிளேடுல ஒட்டலைன்னா அது டம்ளர் ஜாதி, அப்படியே திருப்பிக் கொடுத்துடுங்க. ஒட்டினா? பாஸ் மார்க் மட்டும்தான், டிஸ்டிங்ஷன் இல்லை. கடினமாகாத சில மலிவு ஸ்டீலும் காந்தத்துல ஒட்டும்.

2. டியூப் லைட் டெஸ்ட்: வெட்டற விளிம்பை மேல் பக்கமா வெச்சு வெளிச்சத்துல பாருங்க. கூரான விளிம்பு கண்ணுக்கே தெரியாது. வெள்ளையா ஒரு கோடோ, நடுவுல புள்ளிப் புள்ளியாவோ மின்னினா அந்த இடம் மழுங்கலாவோ உடைஞ்சோ இருக்குன்னு அர்த்தம்.

3. நேர்க்கோடு டெஸ்ட்: கைப்பிடிப் பக்கம் இருந்து ஒரு கண்ணை மூடிட்டு முதுகு வழியா நுனியைப் பாருங்க. வொர்க்‌ஷாப்ல ஃபிட்டிங் ஜாப்பைப் பார்ப்போமே, அதே மாதிரி. வளைஞ்சிருந்தா வேண்டாம்.

4. கைப்பிடி டெஸ்ட்: பிளேடும் கைப்பிடியும் சேர்ற இடத்துல நகம் நுழையற இடைவெளி இருக்கா? அங்கேதான் நாளைக்கு அழுக்கு குடியிருக்கும். மரப்பிடின்னா ஆணிகள் மட்டமா இருக்கணும், ஆட்டம் கூடாது. பிளாஸ்டிக் பிடி மட்டம்னு நினைக்காதீங்க. ஈரக்கையில வழுக்காம இருந்தா அதுதான் நமக்கு வேணும்.

5. பிடி டெஸ்ட்: கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் பிளேடோட அடிப்பகுதியை ரெண்டு பக்கமும் கவ்வணும், மீதி மூணு விரல் கைப்பிடியைப் பிடிக்கணும். சமையல்காரங்க பிடிக்கற பிடி இதுதான். இப்படிப் பிடிச்சு காத்துல நாலு தடவை ஆட்டிப் பாருங்க. மணிக்கட்டு வலிச்சா அடுத்ததை எடுங்க.

'தகட்டுல இருந்து வெட்டி எடுத்த கத்தி மட்டம், அடிச்சு உருவாக்கின கத்திதான் ஒஸ்தி'ன்னு கடைக்காரர் சொல்லுவார். அப்படியே நம்பிடாதீங்க. 1884-ல இருந்து ஸ்விட்சர்லாந்துல இருக்கற விக்டோரினாக்ஸ் கம்பெனியோட கறுப்புப் பிளாஸ்டிக் பிடி கத்திகள் தகட்டுல இருந்து வெட்டி எடுத்ததுதான். உலகத்துல எத்தனையோ ஓட்டல் கிச்சன்ல அதுதான் ஓடிட்டிருக்கு. பெரிய சைஸ் நம்ம பட்ஜெட்டுக்குக் கொஞ்சம் எட்டாது. ஆனா அதே கம்பெனியோட சின்னக் கத்தி, காசு சேர்த்து வாங்கலாம்னு சொல்ற அளவுக்கு எட்டும்.

வாங்கியாச்சா? பஸ்ல, ட்ரெயின்ல வரும்போது அட்டைப் பெட்டியைப் பிரிக்காம, பில்லோட பைக்குள்ள வெச்சுக்கோங்க. பிளேன்ல போறவங்க செக்-இன் பெட்டியிலதான் வைக்கணும், கைப்பையில கூடாது.

நாட்டு வைத்தியம் மாதிரி நாட்டுக் கத்தி!

காசு ரொம்ப டைட்டா? ஊருக்குப் போகும்போது சந்தையிலயோ, கொல்லுப்பட்டறையிலயோ ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க. சிவகங்கை மாவட்டம் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர் போன ஊர். 2005-ல விஜய் படத்தோட டைட்டிலே 'திருப்பாச்சி'ன்னு வந்ததே... ஊர்ப் பட்டறைகள்ல பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை அடிச்சு கத்தி, அரிவாள் செய்யறது நம்ம பக்கம் சகஜம். ஸ்பிரிங் ஸ்டீல்ல கார்பன் சுமார் 0.6 சதவிகிதம் வரைக்கும் இருக்கும். அதனால சாணை ஏறினா பிளேடு மாதிரி வெட்டும்.

ஒரே பிரச்னை, துரு. குரோமியம் பாதுகாப்பு இதுக்குக் கிடையாது. எலுமிச்சை, புளி, தக்காளி பட்டா கறுத்துப் போகும். வெட்டி முடிச்ச கையோட கழுவி, துடைச்சு, ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவணும். 'மச்சி, நாளைக்குக் கழுவிக்கலாம்'னு சொல்ற ஆள் உங்க ரூம்ல இருந்தா இந்த ஐடியா வேண்டாம்!

பாட்டி வீட்டு அருவாமனையும் இதே இரும்புதான். அதுல கத்தி அசையாது, காய்தான் நகரும். ரெண்டு கையும் காயைப் பிடிச்சுக்கும். தேங்காய் துருவவும் செய்யலாம். தரையில உட்கார இடம் இருக்கற ரூம்னா, பாட்டிகிட்ட கேட்டு வாங்கிட்டு வரலாம்.

நம்ம ஊர் இரும்பை லேசா நினைச்சிடாதீங்க. நொய்யல் கரையில ஈரோடு மாவட்டம் கொடுமணல்ல பண்டைக் காலத்துல இரும்பு, உருக்கு தயாரிச்ச உலைகளோட தடயங்கள் அகழாய்வுல கிடைச்சிருக்கு. தென்னிந்தியாவுல செஞ்ச 'ஊட்ஸ்' உருக்குல கார்பன் 1 சதவிகிதத்துக்கு மேல. அதோட ரகசியம் என்னன்னு 1819-லயே ஆராய்ச்சி பண்ணினவர் யார் தெரியுமா? மின்சாரப் பாடத்துல நம்மளைப் படுத்தற அதே மைக்கேல் ஃபாரடே! அவரோட அப்பா ஒரு கொல்லர்ங்கறது எக்ஸ்ட்ரா தகவல்.

கல்லை மறந்தா கத்தி இல்லை!

மெயின் மேட்டர் இப்பதான் ஆரம்பம். கத்தி ஏன் வெட்டுது? பிளஸ் ஒன் ஃபிசிக்ஸ்தான். அழுத்தம்னா விசையைப் பரப்பால வகுக்கறது. விளிம்பு எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு பரப்பு கம்மி, கை போட வேண்டிய பலமும் கம்மி. விளிம்பு மழுங்கினா பரப்பு கூடும். அதே வெட்டுக்கு நீங்க இன்னும் அழுத்தணும். அழுத்தற கை வழுக்கினா கத்தி எங்கே போகும்? காயை விட்டுட்டு விரலுக்குத்தான்.

எங்க ரூம்ல அப்படித்தான் நடந்தது. பரங்கிக்காய் வெட்டறேன்னு மழுங்கின கத்தியை எடுத்து, ஏறலைன்னு உடம்பு வெயிட்டையே அது மேல போட்டான் ஒரு நண்பன். தோல் மேல கத்தி சறுக்கி இடது ஆள்காட்டி விரல்ல நாலு தையல். மறுநாள் அவனுக்கு லேப் எக்ஸாம். இடது கைங்கறதால எழுதிட்டான். கூரான கத்தியைப் பார்த்துதான் எல்லாரும் பயப்படறோம். ஆனா உண்மையில பயப்பட வேண்டியது மழுங்கின கத்தியைப் பார்த்து.

வெங்காயம் வெட்டினா கண்ணுல தாரை தாரையா கொட்டுதா? அதுக்கும் இதே வில்லன்தான். மழுங்கின விளிம்பு வெங்காயத்தோட செல்களை நசுக்கிப் பிழியும். அதுல இருந்து கிளம்பற எரிச்சல் வாயு கண்ணைத் தேடி வரும். கூரான கத்தியில கம்மியா வரும்.

சரி, சாணை பிடிக்கறது எப்படி? ஹார்டுவேர் கடையில ஒரு பக்கம் சொரசொரப்பு, ஒரு பக்கம் நைஸுன்னு ரெண்டு பக்கக் கல் கிடைக்கும். அது சிலிக்கான் கார்பைடு, இரும்பைவிட எவ்வளவோ கடினம்.

ஸ்டெப் 1: கல்லை நல்லா நனைங்க. கீழ ஈரத்துணி போடுங்க, நகரக் கூடாது.

ஸ்டெப் 2: கோணம் சுமார் 20 டிகிரி. புரோட்ராக்டர் வேண்டாம்! ஒரு பேப்பர் மூலை 90 டிகிரி. ஒரு மடிப்பு மடிச்சா 45. இன்னொரு மடிப்புல 22.5. அந்த முக்கோணத்தைக் கல் மேல வெச்சு கத்தியை அதே சாய்வுல பிடிங்க. அதைவிடக் கொஞ்சம் படுக்க வெச்சா சரியா இருக்கும்.

ஸ்டெப் 3: சொரசொரப்புப் பக்கத்துல, கல்லை மெல்லிசா சீவி எடுக்கற மாதிரி அடியில இருந்து நுனி வரைக்கும் தள்ளுங்க. கோணம் மாறக் கூடாது. அழுத்தம் மிதமா போதும். கொஞ்ச நேரத்துல எதிர்ப்பக்க விளிம்புல சொரசொரன்னு ஒரு பிசிறு தட்டுப்படும். விரலை விளிம்பு வழியா ஓட்டிப் பார்க்காதீங்க. முதுகுப் பக்கம் இருந்து விளிம்புக்கு வெளியே மெதுவா தடவிப் பாருங்க. பிசிறு நீளம் முழுக்க வந்தா அந்தப் பக்கம் ஓவர். அடுத்த பக்கமும் அதே மாதிரி.

ஸ்டெப் 4: கல்லைத் திருப்பி நைஸ் பக்கத்துல ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி, லேசா. பிசிறு போயிடும்.

ஸ்டெப் 5: நியூஸ் பேப்பரைத் தொங்க விட்டு வெட்டுங்க. கிழியாம 'சர்ர்'னு இறங்கினா நீங்க பாஸ்!

முதல் தடவை அரை மணி நேரம் ஆகும். பழகினா பத்து நிமிஷம். அதனால முதல் ட்ரையலை ரூம்ல கிடக்கற அந்தப் பழைய ஏழெட்டு கத்தியில பண்ணுங்க. அதுவும் ஒரு லேப்தான்.

இதுக்கு நடுவுல விளிம்பு லேசா மடங்கிப் போகும். மட்டன் கடை பாய் ரெண்டு வெட்டுக்கு ஒரு தடவை கத்தியை இன்னொரு இரும்புல 'சர்க் சர்க்'னு உரசறதைப் பார்த்திருக்கீங்கல்ல? அது சாணை இல்லை. மடங்கின விளிம்பை நிமிர்த்தறது. அந்தக் கம்பி உங்ககிட்ட இல்லையா? பீங்கான் கப்பைக் கவிழ்த்துப் போடுங்க. அடியில பளபளப்பு இல்லாத ஒரு வளையம் இருக்கும். அதுல அதே கோணத்துல நாலு தேய் தேய்ச்சா அவசரத்துக்குக் கை கொடுக்கும்.

சைக்கிள் சக்கரத்துல சாணை பிடிக்கற அண்ணன் தெருவுக்கு வந்தா? அருவாமனை, பெரிய வெட்டுக்கத்திக்கு தாராளமா கொடுங்க. மெல்லிசான கத்தின்னா, 'அண்ணே, அப்பப்போ தண்ணியில நனைச்சு மெதுவா பிடிங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. வேகமா சுத்தற காய்ஞ்ச கல்லுல விளிம்பு சூடாகி நீலமா மாறினா அந்த இடத்துல கடினம் போயிடுச்சுன்னு அர்த்தம்.

கத்தியோட எதிரிங்க யாருன்னும் தெரிஞ்சுக்கோங்க. கிரானைட் மேடை, கண்ணாடிப் பலகை, எவர்சில்வர் தட்டு. கிரானைட்ல இருக்கற குவார்ட்ஸ் கத்தியைவிடக் கடினம். அது மேல வெச்சு வெட்டினா சாணைக்கல்லுல தப்பான கோணத்துல தேய்க்கற மாதிரி. மரப் பலகையோ, பிளாஸ்டிக் பலகையோ போதும். கறிக்கடைங்கள்ல புளியமரக் கட்டை போட்டிருப்பாங்க, பார்த்திருக்கீங்களா? அதுக்குப் பின்னாடி அத்தனை வருஷ அனுபவம் இருக்கு.

மொட்டை மாடி பார்பிக்யூ

ஹவுஸ் ஓனர் பர்மிஷன் வாங்கிட்டீங்களா? ரைட்டு. பார்பிக்யூன்னதும் தனியா ஒரு கத்தி செட் தேடாதீங்க. அதே பெரிய கத்திதான்.

எலும்பு வெட்டற வேலையைக் கடையிலயே முடிச்சுடுங்க. 'அண்ணே, லெக் பீஸை முழுசா விட்டுடுங்க, மீதியை போன்லெஸ்ஸா போடுங்க'ன்னா அவர் நிமிஷத்துல பண்ணிக் கொடுப்பார். நம்ம மெல்லிசுக் கத்தியால எலும்பைக் கொத்தினா விளிம்பு காலி.

வெட்டற வேலை எல்லாத்தையும் சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போது, கீழ கிச்சன்லயே முடிங்க. மாடி இருட்டுல, புகைக்கு நடுவுல, செல்போன் டார்ச் அடிச்சுக்கிட்டு கத்தி பிடிக்கறது வீரம் இல்லை, வம்பு.

லெக் பீஸ்ல சின்னக் கத்தியால எலும்பு தட்டற வரைக்கும் ரெண்டு மூணு கீறல் போடுங்க. மசாலாவும் இறங்கும், எலும்பு ஓரமும் வேகும். முழுச் சங்கரா மீனுக்கும் அதே டெக்னிக், ஆனா கீறல் லேசா. கம்பியில கோக்கற பனீர், குடைமிளகாய், வெங்காயம் எல்லாம் சுமார் 3 செ.மீ. சைஸ்ல ஒரே மாதிரி இருக்கட்டும். ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசுன்னா ஒண்ணு கருகும், ஒண்ணு வேகாது. மூங்கில் குச்சின்னா அரை மணி நேரம் தண்ணியில ஊறணும்.

இந்த ரூல் மட்டும் நோ காம்ப்ரமைஸ்: பச்சைக் கறி வெட்டின கத்தி, பலகையை சோப்பு போட்டுக் கழுவாம வெந்த கறியையோ, சாலட் வெள்ளரிக்காயையோ தொடக் கூடாது. பச்சைச் சிக்கன்ல இருக்கற சால்மொனெல்லா மாதிரி கிருமிங்க அடுப்புல செத்துடும், சாலட்ல சாகாது. சிக்கன் உள்ளே 74 டிகிரி செல்சியஸ் தொட்டா சேஃப். தெர்மாமீட்டர் இல்லையா? எலும்பு ஓரமா கீறிப் பாருங்க. கறி சிவப்பா, வழவழன்னு தெரிஞ்சா திரும்ப அடுப்புல போடுங்க.

அடுப்புல இருந்து எடுத்ததும் உடனே வெட்டாதீங்க. பெரிய பீஸ்னா அஞ்சு நிமிஷமாவது விடுங்க, சாறு உள்ளேயே நிக்கும். கறியில நார் ஓடற திசையைப் பார்த்து, அதுக்குக் குறுக்கா வெட்டுங்க. மெல்லறதுக்கு சாஃப்ட்டா இருக்கும். கறியைத் திருப்ப இடுக்கிதான், கத்தி இல்லை. பிளாஸ்டிக் பிடியை நெருப்புப் பக்கத்துல வெச்சுட்டுப் போட்டோ எடுக்கப் போயிடாதீங்க!

விரல் பத்திரம்!

காயைப் பிடிக்கற கையில விரல் நுனியை உள்ளே மடக்கி வெச்சுக்கோங்க. பலகைக்கு அடியில ஈரத்துணி. கத்தி கை நழுவினா பிடிக்கப் பாயாதீங்க. ரெண்டு அடி பின்னாடி நகருங்க, விழட்டும். நுரைத் தண்ணி சிங்க்ல கத்தியைப் போட்டுட்டுப் போகாதீங்க, அடுத்து கை விடறது உங்க ரூம்மேட். 'கத்தியைக் கையில கொடுக்காதே, கீழ வை, எடுத்துக்கறேன்'னு பாட்டி சொல்லுவாங்கல்ல? சண்டை வருமா வராதாங்கறது வேற விஷயம். விரல் தப்பிக்கும்!

வெட்டிடுச்சுன்னா சுத்தமான துணியால விடாம பத்து நிமிஷம் அழுத்திப் பிடிங்க, கையை உயர்த்தி வைங்க. காபித் தூள், மஞ்சள் தூள் எதுவும் வைக்காதீங்க. ரத்தம் நிக்கலை, வாய் பிளந்திருக்கு, விரல் மரத்துப் போச்சுன்னா உடனே ஆஸ்பத்திரி. டி.டி. ஊசி எப்போ போட்டதுன்னு டாக்டர் கேட்பார், ஞாபகப்படுத்தி வைங்க.

கணக்கு டேலி ஆகுதா?

ரூமுக்கு மொத்தம் 1,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். நாலு பேர்னா தலைக்கு 250. அதுல பாதியைப் பெரிய கத்திக்கு ஒதுக்குங்க. மீதிப் பாதியில கல், பலகை, சின்னக் கத்தி. காசு பத்தலைன்னா சின்னக் கத்தியில கை வைங்க. கல்லுல கை வைக்காதீங்க! எத்தனை விலை கொடுத்து வாங்கின கத்தியும் கல் இல்லாம சில மாசத்துல மழுங்கிடும். சுமாரான கத்தியும் கல் இருந்தா வருஷக்கணக்கா வெட்டும்.

கடைசியா ஒரு ஹோம் வொர்க். தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போகும்போது அந்தக் கல்லைப் பையில போட்டுக்கோங்க. நம்ம அம்மாக்கள்ல முக்கால்வாசிப் பேர் மழுங்கின கத்தியில அழுத்தி அழுத்தித்தான் தினமும் அரை கிலோ வெங்காயம் வெட்டறாங்க. கட்டை விரல்ல காய்ப்பு காய்ச்சிருக்கும், பாருங்க. கேட்டா 'எனக்கு இது பழகிடுச்சு'ன்னுதான் சொல்லுவாங்க. ஆயுத பூஜை அன்னிக்கு சந்தனம், குங்குமம் எல்லாம் வைக்கறோம். அந்தக் கத்திக்கு வருஷத்துல ஒரு நாள் பொட்டு மட்டும் போதுமா? உட்கார்ந்து அரை மணி நேரம் தேய்ச்சுக் கொடுங்க. ஒரு தக்காளியை எடுத்து வெட்டச் சொல்லுங்க. அப்போ அவங்க முகத்தைப் பாருங்க!

அடுத்த வாரம் சந்திப்போம். வர்ட்டா?